பிள்ளைகள் சொன்ன புத்தகங்களைக் கோடை விடுமுறையில் படித்து வருகிறேன். உங்கள் கருத்து தேவை

வெட்டாற்றங்கரை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்), மே 11

அனைவருக்கும் வணக்கம். திருவாரூர் மாவட்டத்தில் வெட்டாற்றை ஒட்டிய ஓர் ஊரில் நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். விடுமுறை விடும் நாளன்று, பிள்ளைகள் கோடையில் படிக்க வேண்டிய புத்தகங்களைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது பல ஆண்டுகளாக என் வழக்கம். ஜூன் மாதத்தில் விசாரித்தால் இரண்டு மூன்று பேர் படித்திருப்பார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இந்த ஆண்டு ஏழாம் வகுப்பில் அதை மாற்றிப் பார்த்தேன். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து, "இந்த விடுமுறையில் நான் படிக்க வேண்டிய புத்தகம் ஒன்றைச் சொல்லுங்கள், ஏன் படிக்க வேண்டும் என்றும் எழுதுங்கள், பாடப் புத்தகம் வேண்டாம், மற்றபடி எதுவாக இருந்தாலும் படிக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டேன்.

வகுப்பில் 31 பேர். 27 தாள்களில் புத்தகப் பெயர்கள் இருந்தன. சிலர் ஒரே புத்தகத்தைச் சொல்லியிருந்ததால் மொத்தம் 19 புத்தகங்கள் தேறின. இன்றுவரை பதினொன்றை முடித்திருக்கிறேன். நான்கு தாள்கள் எதுவும் எழுதப்படாமல் வந்தன.

ஒரு மாணவி 'டோட்டோ-சான்' படிக்கச் சொல்லியிருந்தாள். ஜப்பானிய எழுத்தாளர் டெட்சுகோ குரோயானகி தன் பள்ளி நாட்களைப் பற்றி 1981இல் எழுதிய அந்த நூலின் தமிழாக்கத்தை ஆசிரியப் பயிற்சிக் காலத்திலேயே படித்தவள் நான். பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறைகளாக இருந்த பள்ளி, அன்புள்ளம் கொண்ட தலைமையாசிரியர் என்ற அளவில்தான் அது என் நினைவில் தங்கியிருந்தது. மாணவியின் தாளில் இருந்தது இதுதான்: "முதல் நாள் அந்தத் தலைமையாசிரியர் டோட்டோ-சான் பேசியதை நான்கு மணி நேரம் கேட்டார். நீங்கள் நான்கு நிமிடம் கேட்டால் போதும் டீச்சர்." அதைப் படித்துவிட்டு நான் அந்தப் புத்தகத்தை உடனே எடுக்கவில்லை. இந்தப் பெண் என்னிடம் எப்போது பேச வந்தாள், நான் எந்த நோட்டைத் திருத்திக்கொண்டு "சரி, அப்புறம்" என்று அனுப்பினேன் என்று இரண்டு நாட்கள் யோசித்துக்கொண்டே இருந்தேன். மறுபடி படித்தபோது, முன்பு வேகமாகக் கடந்துபோன அந்த நான்கு மணி நேரம்தான் புத்தகத்தின் ஆணிவேராகத் தெரிந்தது.

இன்னொரு மாணவன், தன் தந்தை டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் இரும்புக்கை மாயாவி காமிக்ஸை ஒரு மஞ்சள் பையில் போட்டு, "அப்பாவுடையது, மடிக்காமல் திருப்பித் தர வேண்டும்" என்ற குறிப்போடு கொண்டுவந்து கொடுத்தான். எனக்குப் படக்கதை படித்துப் பழக்கமில்லை. அவன் தாளில் எழுதியிருந்தது ஒரே வரி: "கையை மட்டும் பாருங்கள்." மின்சாரம் பாய்ந்ததும் நாயகனின் உடல் முழுவதும் மறைந்து இரும்புக்கை மட்டும் கண்ணுக்குத் தெரியும் என்பது கதையின் அடிப்படை. முகமே இல்லாத கட்டங்களில் அவன் அஞ்சுகிறானா, கோபப்படுகிறானா, தயங்குகிறானா என்பதை ஓவியர் விரல்களை வைத்தே காட்டுகிறார். கதவின் விளிம்பைப் பற்றியிருக்கும் கையில் சுண்டுவிரல் மட்டும் சற்றே தூக்கியிருக்கும் ஒரு கட்டத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு வயதுப் பையன் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சுண்டுவிரல் என் கண்ணில் பட்டிருக்காது.

எல்லாமே இப்படி அமையவில்லை. திருவிழாக் கடையில் வாங்கியதாக ஒரு மாணவன் தந்த பேய்க்கதைப் புத்தகம் எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அநியாயமாகச் செத்துப்போன பெண்களைப் பேயாக்கிச் சிரிப்பு மூட்டும் கதைகள் அவை. என் கேள்வி இதுதான்: பள்ளி திறந்ததும் "எப்படி இருந்தது டீச்சர்?" என்று ஆசையோடு கேட்கப்போகும் அவனிடம் நான் என்ன சொல்வது? உங்களில் யாராவது இப்படிப் படித்திருக்கிறீர்களா?

திருத்துறைப்பூண்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மே 11

டீச்சருக்கு வணக்கம். உங்கள் முயற்சியின் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் உடன்பட முடியாத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன். எது நல்ல நூல் என்று காட்டுவது ஆசிரியரின் கடமை. பிள்ளைகளுக்குக் கண்ணில் பட்டது மட்டுமே தெரியும். படாததை அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? அழ. வள்ளியப்பாவின் 'மலரும் உள்ளம்' பாடல்களை உங்கள் வகுப்பில் எத்தனை பேர் சொல்லியிருந்தார்கள்? குழந்தைகளுக்காகவே எழுதுவதைப் பெரும்பணியாக எண்ணி 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தை உருவாக்கிய அவர், புதுக்கோட்டை மாவட்டத்தின் இராயவரத்தில் பிறந்தவர். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த குழந்தைகள் கலைக்களஞ்சியம் எத்தனை பள்ளிகளில் பூட்டிய அலமாரிக்குள் கிடக்கிறது? இவற்றை நாம் எடுத்துக் கொடுக்காவிட்டால் திருவிழாக் கடைதான் அவர்களுக்கு நூலகமாகும். அந்தப் பேய்க்கதையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவதே என் வாதத்துக்குச் சான்று.

கும்பகோணம், காமிக்ஸ் வாசகன், மே 12

அந்த மாணவனின் தந்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாக வெளியிட்டதே இரும்புக்கை மாயாவியைத்தான். 1962இல் 'வேலியண்ட்' என்னும் ஆங்கில வார இதழில் தொடங்கிய தொடர் அது. அந்தக் கையை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நாங்கள் சிறுவர்களாக இருந்தபோது அதைப் பாடப் புத்தகத்துக்குள் மறைத்து வைத்துப் படித்தோம். ஓர் ஆசிரியை அதை மடிக்காமல் படித்து, சுண்டுவிரலைப் பற்றி எழுதுவதைக் காண மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறது.

பாபநாசம், ஒரு தாய், மே 12

எங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஒரு டீச்சர் சென்ற ஆண்டு இதைச் செய்தார். என் மகன் ஒரு புத்தகத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தான். வந்ததும் அதையே எடுத்து மறுபடி முதலிலிருந்து படிக்கத் தொடங்கினான். ஏற்கெனவே படித்ததுதானே என்று கேட்டதற்கு, "டீச்சர் ஏதாவது கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டுமே அம்மா" என்றான். தேர்வுக்குக்கூட அவன் எதையும் இரண்டாம் முறை படித்ததில்லை.

மன்னார்குடி வட்டம், கிளை நூலகர், மே 14

இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் இருவருமே தொடாத இடம் ஒன்று இருக்கிறது. டீச்சர், அந்த நான்கு வெற்றுத் தாள்களை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு மற்ற இருபத்தேழைவிட அவைதான் முக்கியமாகப் படுகின்றன.

நூலகத் துறையில் வேலைக்குச் சேர்ந்தபோது நாங்கள் முதலில் படித்தது சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளை. நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது மூன்றாவது. இவை 1931இல் நூலாக வந்தன. அதே ஆண்டு அக்டோபர் 21 அன்று, மன்னார்குடியை அடுத்த மேலவாசலில், ஓய்வு பெற்ற பொறியாளரான எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் அமைத்த நடமாடும் நூலகத்தை ரங்கநாதன் தொடங்கி வைத்தார். வாசகர் வரட்டும் என்று காத்திராமல் நூலே தெருவுக்குப் போனது. எழுத்தறிந்தவர்கள் மிகக் குறைவாக இருந்த காலம் அது. நான் பணிபுரியும் இடத்திலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இது நடந்திருக்கிறது என்பதை நினைக்கும் போதெல்லாம் என் மேசையில் உட்கார்ந்திருப்பது எனக்குக் கூச்சத்தைத் தருகிறது.

ஐயா அவர்கள் கேட்டது சரியான கேள்வி: கண்ணில் படாததைப் பிள்ளைகள் எப்படிச் சொல்வார்கள்? அந்தக் கேள்வியை வெற்றுத் தாள்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிளை நூலகத்தில் சிறுவர் பகுதி நன்றாகவே இருக்கிறது. ஆனால் மே மாத வெயிலில் நான்கு கிலோமீட்டர் நடந்து ஒரு பிள்ளை வர மாட்டாள். பெற்றோர் கொண்டுவந்து விடலாம் என்றால் அவர்கள் பருத்தி எடுக்கவோ நூறு நாள் வேலைக்கோ போயிருப்பார்கள். நல்ல நூலைக் காட்டுவது, பிள்ளை சொல்வதைக் கேட்பது ஆகிய இரண்டுக்கும் முன்னால் ஒரு பையில் புத்தகத்தைப் போட்டுத் தெருவுக்குக் கொண்டுபோகும் வேலை இருக்கிறது. டீச்சர் சம்மதித்தால் சனிக்கிழமைகளில் என் உறுப்பினர் அட்டையில் நாற்பது புத்தகங்கள் வரை பதிந்து கொண்டுவர ஏற்பாடு செய்கிறேன். மேலதிகாரியிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

வெட்டாற்றங்கரை டீச்சர், மே 17

நூலகர் சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த நான்கு தாள்களையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். மூன்று உண்மையிலேயே வெறுமைதான். நான்காவதில் பென்சிலால் ஏதோ எழுதி அழித்திருக்கிறது. வெளிச்சத்தில் பிடித்தால் "வீட்டில் இல்லை" என்று தெரிகிறது. சனிக்கிழமை வாருங்கள். பருத்தி எடை போடும் இடத்துக்கு எதிரே ஒரு புங்கமரம் இருக்கிறது. பிள்ளைகள் எப்படியும் அங்கேதான் இருப்பார்கள்.

ஐயா அவர்களுக்கு: வள்ளியப்பாவின் பாடல்களை ஒருவரும் சொல்லவில்லை என்பது உண்மை, அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் சென்ற ஆண்டு வரை நான் பட்டியல் எழுதிப் போட்டபோதும் அதை ஒருவரும் படிக்கவில்லையே, ஐயா. பிள்ளை தந்ததை நான் முதலில் படித்தால், பிறகு நான் தருவதை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றைப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும். ஒரு தாளில் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' என்று இருந்தது. எஸ். பாலபாரதி எழுதி, 2020ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற சிறார் நாவல் அது; குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பற்றிக் குழந்தைகளுக்கே புரியும் மொழியில் பேசுவது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் "நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்" என்று மட்டும் இருக்கிறது. 'கட்டாயம்' என்ற சொல்லின் கீழே இரண்டு கோடுகள். எழுதியது மாணவனா மாணவியா என்று இங்கே சொல்ல மாட்டேன். ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இரவு தூக்கம் வரவில்லை. நல்ல புத்தகம் என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளை எழுதியதா, அல்லது எனக்கு வேறு ஏதாவது சொல்ல நினைக்கிறதா?

மயிலாடுதுறை, தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, மே 17

டீச்சர், பள்ளி திறக்கும் வரை காத்திருக்காதீர்கள். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அந்தப் பிள்ளையின் வீட்டுப் பக்கம் நாளையே போய்வாருங்கள். போனவுடன் கேள்வி கேட்காதீர்கள், குறிப்பாகப் பெரியவர்கள் எதிரில் கேட்காதீர்கள். "நீ சொன்ன புத்தகத்தைப் படித்தேன், முழுவதும் படித்தேன், இதைப் பற்றி எப்போது வேண்டுமானாலும் என்னிடம் பேசலாம்" என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை பேசினால் இடைமறிக்காமல் கேளுங்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், ஏனென்றால் அந்த வாக்கை நீங்கள் காப்பாற்ற முடியாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அப்படி ஒன்று நடந்ததாகத் தெரியவந்தால் அதைத் தெரிவிப்பது நமக்குச் சட்டக் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரத்திலும் வழி கேட்கலாம். ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும் நீங்கள் போனது வீணாகாது. இதைப் பற்றி இழையில் மேற்கொண்டு விவரம் எழுத வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

வெட்டாற்றங்கரை டீச்சர், மே 19

நேற்றே போய் வந்துவிட்டேன், அம்மா. நீங்கள் சொன்னபடிதான் பேசினேன். பிள்ளை நலம். "ஒன்பது டீச்சர்கள் இருக்கிறீர்கள், ஒருவருக்குமே இந்தப் புத்தகம் தெரியாது என்றால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது என்று நினைத்தேன்" என்பதுதான் அந்த இரண்டு கோடுகளுக்கான காரணம். பள்ளியில் எல்லா ஆசிரியர்களும் இதைப் படித்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். மூன்று பிரதிகளுக்குப் பணம் அனுப்பிவிட்டேன். இத்துடன் இதை நிறுத்திக்கொள்கிறேன்.

திருத்துறைப்பூண்டி, ஓய்வு பெற்ற தமிழாசிரியர், மே 28

என் பேத்தியிடம் அந்த ஜப்பானிய நூல் இருந்தது; வாங்கிப் படித்தேன். பிள்ளைகளின் மதிய உணவில் கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் இருக்க வேண்டும் என்று அந்தத் தலைமையாசிரியர் சொல்கிற இடம் என்னை வெகுவாகப் பாதித்தது. இன்னின்ன பண்டம் என்று பெயர் சொல்லியிருந்தால் இல்லாத வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகியிருக்கும். அவர் சொன்ன விதத்தால் எளிய வீட்டுப் பெட்டியும் நிறைவாகிவிடுகிறது. நான் வகுப்பில் என்னென்ன பெயர் சொல்லிக் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

ஆயினும் என் முதல் கருத்தை முழுவதுமாக விட்டுவிடவில்லை. பிள்ளைகள் தருவதை நாம் படிக்க வேண்டும் என்பதை ஏற்கிறேன். படித்த பிறகு நம் கையில் இருப்பதை நீட்டவும் வேண்டும். அதில் கூச்சம் கூடாது. பேய்க்கதை பற்றிய உங்கள் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். ஏன் என்றும் சொல்லுங்கள். பிடித்ததாகப் பொய் சொன்னால் அவன் கண்டுபிடித்துவிடுவான். அதன் பிறகு நீங்கள் எந்த நூலைப் புகழ்ந்தாலும் அவன் நம்ப மாட்டான்.

வெட்டாற்றங்கரை டீச்சர், ஜூன் 15

பள்ளி திறந்து இரண்டு வாரம் ஆகிறது. பத்தொன்பது புத்தகங்களையும் முடித்துவிட்டேன். ஒவ்வொரு பிள்ளையையும் மதிய உணவு இடைவேளையில் தனியாக அழைத்து, அவர்கள் சொன்ன புத்தகத்தைப் பற்றிப் பேசிவருகிறேன். இன்னும் ஆறு பேர் பாக்கி. நான்கு நிமிடம் கேட்ட மாணவி முப்பத்தைந்து நிமிடம் பேசினாள்.

பேய்க்கதை கொடுத்தவனிடம் ஐயா சொன்னபடியே பிடிக்கவில்லை என்றேன். முகம் சற்று வாடியது. "செத்துப்போன பெண்ணைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?" என்று கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "அந்த இடம் எனக்கும் பிடிக்காது டீச்சர், ஆனால் கிணற்றடியில் கயிறு தானாக இறங்குகிற இடத்தைப் படித்தீர்களா?" என்றான். உண்மைதான்; கயிறு இறங்கும் அந்த அரைப் பக்கம் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது, என் எரிச்சலில் நான் அதைக் கவனிக்கவில்லை. வகுப்பில் வாய் திறக்காத பையன் என்னோடு வாதாடினான். ஐயா நீட்டச் சொன்னதையும் நீட்டினேன்: பள்ளி அலமாரியைத் திறந்து கலைக்களஞ்சியத்தின் ஒரு தொகுதியை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். படங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறான்.

நூலகர் சார் நான்கு சனிக்கிழமைகள் வந்தார். வெற்றுத் தாள் தந்த நால்வரில் ஒரு மாணவி விடுமுறை முழுவதும் பெற்றோருடன் திருப்பூரில் இருந்திருக்கிறாள். ஒருவன் புங்கமரம் வரை வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போய்விட்டான், நான் வற்புறுத்தவில்லை. ஒரு மாணவி மூன்று புத்தகங்கள் வாங்கிப் போனாள், படித்தாளா என்று இன்னும் கேட்கவில்லை. "வீட்டில் இல்லை" என்று எழுதி அழித்தவன், பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறு நூல்களில் 'நுழை' என்ற முதல் நிலையைச் சேர்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டான். நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் எட்டாம் வகுப்புக்குப் போகிறவன் முதல் நிலையை எடுக்கிறானே என்று எனக்குள் ஓர் எண்ணம் ஓடியது. வாயை மூடிக்கொண்டது நல்லதாயிற்று. தங்கைக்குப் படித்துக் காட்டத்தான் எடுத்திருக்கிறான்.

பள்ளி திறந்த அன்று என் மேசையில் ஒரு தாள் இருந்தது. "இந்தப் புத்தகத்தைப் படியுங்கள் டீச்சர். சின்னதுதான். என் தங்கைக்கு முதல் பக்கத்துப் படம் பிடிக்கும். எனக்குக் கடைசிப் பக்கம்." அவன் பக்கத்தில் நிற்கும்போதே படித்து முடித்து, எனக்கு நடுவில் வரும் பக்கம் பிடித்திருக்கிறது என்று சொல்லி, ஏன் என்றும் சொன்னேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

இப்போது அடுத்த புத்தகம் கேட்கிறான். அவன் வீட்டில் மாடு இருக்கிறது. கதையில் மாடு வர வேண்டும், மாடு சாகக் கூடாது, தங்கைக்கு ஒரு மாலைப்பொழுதில் படித்துக் காட்டி முடிக்கிற அளவுக்குள் இருக்க வேண்டும் என்பவை அவன் நிபந்தனைகள். சனிக்கிழமைக்குள் வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.